திடலுக்கு வேலி: தீர்மானம் மட்டும் போதாது அண்ணாச்சி

கிராம சபையில் தீர்மானம் நிறைவேறிவிட்டால் ஊர் விளையாட்டுத் திடலைச் சுற்றிக் கம்பிவேலி போடலாம், வேறு அனுமதி வேண்டாம் என்று ஒரு அண்ணாச்சி எழுதியிருக்கிறார். அது முழுக்கச் சரியில்லை. தீர்மானம் ஊரின் கோரிக்கை, அவ்வளவுதான். வேலி போடலாமா என்பதை முடிவு செய்வது நிலத்தின் வகைப்பாடு.

நம்ம பக்கத்தில் பல திடல்கள் கோடையில் வற்றிய குளத்துக்குள்தான் இருக்கின்றன. பிட்ச் போட்டு இருபது வருஷம் ஆடினாலும் வருவாய்த்துறைப் பதிவேட்டில் அது குளம்தான். 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. குளத்துக்குள் தூண் ஊன்றினால் ஆக்கிரமிப்பு என்று பிடுங்கிவிடுவார்கள். மேய்க்கால் (மேய்ச்சல் நிலம்), களம் போன்ற மற்றப் புறம்போக்கு என்றால் தீர்மான நகலோடு தாசில்தாருக்கு மனுக் கொடுத்து, எழுத்தில் உத்தரவு வாங்க வேண்டும்.

நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வருவாய்த்துறையின் இ-சர்வீசஸ் தளத்தில் 'அ' பதிவேடு (ஊர் நிலங்களின் விவரப் பதிவேடு) பகுதியைத் திறந்து மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் (சர்வே நம்பர்), உட்பிரிவு எண் கொடுங்கள். நில வகை அதிலேயே வரும். புல எண் தெரியாவிட்டால் விஏஓவிடம் கேளுங்கள்.

கையோடு புலப்படத்தையும் (நிலத்தின் எல்லை அளவு காட்டும் வரைபடம்) எடுங்கள், அளவு மீட்டரில் இருக்கும். காலடி வைத்து அளந்து தூண் நட்டால் பக்கத்து வண்டிப்பாதை வேலிக்குள் வந்துவிடும். தகராறு பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும். எல்லைக்கல் உடைமரத்து மூட்டில் புதைந்து கிடக்கலாம். சர்வேயர் அளந்து காட்டிய பிறகு குழி தோண்டுங்கள்.