ஸ்பெக் திறந்து கிடந்தால் மட்டும் போதுமா?

சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் கூட்டத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கும் வாட்ஸ்அப்பில் வீடியோ வந்துவிட்டது. ஸ்பெக் என்றால் ஒரு கோப்போ குறியீடோ எப்படி அமைய வேண்டும் என்று எழுதிவைத்த தொழில்நுட்ப விவரக்குறிப்பு. ஐஎஸ்ஓ என்பது பன்னாட்டுத் தரநிலை அமைப்பு. "ஸ்பெக் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, எல்லாரும் பயன்படுத்துகிறார்கள், அப்புறம் ஐஎஸ்ஓ முத்திரை எதற்கு? கமிட்டி என்பது வேலையில்லாதவர்கள் டீ குடிக்கும் இடம்" என்றார் அங்கே பேசிய ஒரு தம்பி. கைதட்டல் வேறு. அப்படிப்பட்ட கமிட்டியில் உட்கார்ந்து எழுதுகிறவன் நான். இன்னும் மனசு ஆறவில்லை.

ஸ்பெக்கை எழுதி எல்லாரும் பார்க்க வைப்பது ஒரு வேலை. அதைத் தரநிலை ஆக்குவது வேறு வேலை. முதலாவதில் எழுதியவர் நினைத்தால் நாளைக்கே மாற்றலாம், நீங்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லும் கட்டாயம் அவருக்கு இல்லை. இரண்டாவதில் உண்டு.

வரைவு வந்ததும் கருத்து அட்டவணை ஒன்று வரும். எந்தப் பிரிவு, எந்தப் பத்தி, என்ன குறை என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். "சரியில்லை" என்று எழுதினால் நிற்காது. மாற்று வாசகத்தை நீங்களே எழுதித் தர வேண்டும். கடைசிக் கட்டத்தில், ஏற்றார்களா இல்லையா என்ற முடிவு எழுத்தில் வரும். ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து நாங்கள் செய்வது இதைத்தான்.

பிடிஎஃப்பை அடோபி 1993இல் வெளியிட்டது. ஸ்பெக் அப்போதே திறந்துதான் இருந்தது. ஆனால் 2008இல் ஐஎஸ்ஓ 32000-1 ஆகும்வரை கடைசி வார்த்தை அடோபியுடையது. நாசி லெமாக் கடையில் ஸ்கேன் செய்கிறோமே, அந்தக் கியூஆர் குறியீட்டை டென்சோ வேவ் என்ற ஜப்பானிய நிறுவனம் 1994இல் உருவாக்கியது. அது 2000இல் ஐஎஸ்ஓ தரநிலை ஆனது.

வெறும் பேப்பர் வேலை என்பவர்களுக்கு: இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பில் முழு இணையத் தரநிலை ஆக வேண்டுமென்றால், தனித்தனியாக எழுதப்பட்ட இரண்டு செயலிகளாவது ஒன்றோடொன்று ஒத்துப்போய் ஓட வேண்டும். ஓடாத பேப்பருக்கு அங்கே இடமில்லை.

என் அப்பா தன் தோட்டப்புற வாழ்க்கையை எழுதி, செந்தூலில் ஓர் அச்சகத்தில் தட்டச்சு செய்யக் கொடுத்தார். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான எண் அட்டவணையான யூனிகோட் பரவாத காலம் அது. ஒவ்வொரு எழுத்துருவுக்கும் தனி அட்டவணை. அச்சகம் மூடிய பிறகு கோப்பைத் திறந்தால் 'அ' இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ குறி, புள்ளிகள் எல்லாம் தனியாக மிதக்கின்றன. அந்த அட்டவணை ஒன்றும் ரகசியமில்லை, கேட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். ஆளுக்கொன்று இருந்ததுதான் பிரச்சினை. அப்பா உயிரோடு இருக்கும்போதே முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டியதாயிற்று.

"பெரிய கம்பெனிகள் கமிட்டியையே வளைத்துவிடும்" என்பார்கள். மைக்ரோசாஃப்டின் ஓஓஎக்ஸ்எம்எல், அதாவது வேர்ட், எக்செல் கோப்புகளின் வடிவம், 6000 பக்கத்துக்கு மேல், விரைவு வழியில் 2008இல் தரநிலை ஆனது. இந்தியா, பிரேசில், தென்னாப்பிரிக்கா, வெனிசுவேலா முறையிட்டன, எடுபடவில்லை. எனக்கும் அது கசப்புதான். ஆனால் முறையிட ஓர் இடம் இருந்தது. கம்பெனி தன் தளத்தில் வெறும் ஸ்பெக்காக வைத்திருந்தால் எந்த வாசலில் போய் நின்றிருப்பார்கள்? தரநிலை ஆவணத்துக்குக் காசு கேட்கிறார்கள் என்பது நியாயமான குறை. பிடிஎஃப் 2.0 இப்போது இலவசமாகக் கிடைக்கிறது, மற்றவையும் வரட்டும்.

எனக்கு வலிப்பது அந்தக் கைதட்டல். இந்திய மொழி எழுத்துகளுக்கான இந்தியாவின் குறியீட்டுத் தரமான இஸ்கியை ஒட்டித் தமிழை யூனிகோட் 1991இல் சேர்த்தது. அப்போது பேசியிருக்க வேண்டியதை நாம் பிறகு ஆண்டுக்கணக்கில் பேசினோம். 2010இல் தமிழக அரசு டேஸ்16 என்ற தனித் தமிழ் எழுத்துக் குறியீட்டு முறையை அறிவித்தபோதும் யூனிகோடில் இருந்த எழுத்து ஒன்றுகூட இடம் மாறவில்லை, அங்கே ஏறியதை மாற்ற மாட்டார்கள். ஆனால் நம் பழைய பின்ன எண்களும் குறியீடுகளும் 2019இல் யூனிகோட் 12இல் ஏறின. யாரோ உட்கார்ந்து சான்றுகளைத் தேடி, முன்மொழிவு எழுதி, ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னதால் ஏறின. தமிழுக்கு உழைத்த அவர்களையும் சேர்த்துத்தானே தம்பி டீ குடிக்கிறவர்கள் என்றீர்கள்?

அடுத்த வரைவு கருத்துக்கு வரும்போது இங்கேயே அறிவிக்கிறேன். கைதட்டியவர்கள் ஆளுக்கு ஒரு வரி அனுப்புங்கள், மாற்று வாசகத்தோடு.