போனைப் பிடுங்கினால் பிள்ளை வாய் திறக்காது

பிள்ளைகளிடமிருந்து போனை வாங்கி வைத்துவிட்டால் இணையக் கேலி நின்றுவிடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. போன் பறிபோகும் என்ற பயத்தில்தான் பல பிள்ளைகள் வீட்டில் எதையுமே சொல்வதில்லை. பெரம்பூரில் எங்கள் குடியிருப்பில் ஒரு பத்தாம் வகுப்புப் பெண். அவள் முகத்தை ஸ்டிக்கராக்கி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் சுற்றவிட்டார்கள். ராத்திரி தூக்கம் இல்லை, சாப்பாடு பாதியில் நிற்கும், விடிந்தால் வயிற்றுவலி. அல்சர் என்று நினைத்து அவள் அம்மா டாக்டர் டாக்டராக அலைந்தார், பாவம்.

பெற்றோர்களே, திட்டாமல் முதலில் கேளுங்கள். அப்புறம், எதையும் அழிக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் கொடுக்க அதுதான் ஆதாரம். மனசு விட்டுப் பேச அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். குழந்தைகள் உதவிக்கு 1098.