ஸ்டாக் வண்டிக்கு ஒரு வக்காலத்து

போன ஞாயிறு நம் டர்பன் சேட்ஸ்வொர்த்தில் கோயில் வாசலில் ஒரு தம்பியைப் பார்த்தேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய டொயோட்டா 86 ஸ்போர்ட்ஸ் கார், சிவப்பு நிறம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், பானெட்டில் சந்தனம் குங்குமம். பூசை முடிந்து பழத்தை நசுக்கிவிட்டு நேராக என்னிடம் வந்து, "அண்ணா, முதல்ல எக்ஸாஸ்ட் மாத்தலாமா, இல்ல ஸ்பிரிங் மாத்திக் கீழ இறக்கலாமா?" என்று கேட்டான். ஒரு வருஷத்துக்கு எதையும் தொடாதே, ஸ்டாக்காக, அதாவது கம்பெனி கொடுத்தபடியே ஓட்டு என்றேன். முகம் வாடிவிட்டது. பின்னால் அவன் அம்மா அப்பா காத்துக்கொண்டிருந்தார்கள், உட்கார்ந்து விளக்க நேரமில்லை. அவனிடம் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன், நீளமாகத்தான் போகும்.

எனக்கும் அதே வண்டிதான், 2013 மாடல். ஆறு வருஷத்துக்கு முன் ஜோஹானஸ்பர்க்கில் வாங்கினேன். எனக்கு முன் வைத்திருந்தவர் எதையும் விட்டுவைக்கவில்லை. திறந்த ஏர் ஃபில்டர், வேறு எக்ஸாஸ்ட் ஹெடர் (எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் முதல் குழாய்), மலிவான காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் அதிர்வை அடக்கும் டேம்பரும் சேர்ந்த, உயரத்தை ஏற்றி இறக்கக்கூடிய செட்), அகலமான 18 அங்குலச் சக்கரம், அங்கேயே ஒரு கடையில் எஞ்சின் கம்ப்யூட்டருக்கு (ஈசியூ) போட்ட டியூனிங். ஓட்டிப் பார்த்தபோது அந்தச் சத்தமே என்னை மயக்கிவிட்டது. பேரம்கூடச் சரியாகப் பேசவில்லை. என்3 சாலையில் வான் ரீனன் கணவாய் இறங்கி, பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி, பாட்டுக்கூடப் போடாமல் எஞ்சினைக் கேட்டுக்கொண்டே டர்பன் வந்து சேர்ந்தேன். அடுத்த வாரம், பிப்ரவரி வெயிலில், ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபோது, தகர டப்பாவில் சில்லறைக் காசைப் போட்டுக் குலுக்குவது மாதிரி முன்னால் ஒரு சத்தம். நாக்கிங், அதாவது எஞ்சினுக்குள் பெட்ரோல் நேரம் தப்பி வெடிக்கிற சத்தம்.

காரணம் புரிய எனக்கு இரண்டு மாதம் ஆனது. ஜோஹானஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்குதான், டர்போ இல்லாத எஞ்சின் இழுக்கிற மூச்சே அங்கே குறைவு. டியூனிங் என்பது என்ன? எவ்வளவு காற்று வந்தால், எந்த ஆர்பிஎம்மில், எவ்வளவு பெட்ரோல் விடுவது, தீப்பொறியை எப்போது போடுவது என்று கட்டம் கட்டமாக நிரப்பிய ஒரு பெரிய அட்டவணை. அந்தக் கடைக்காரர் தன் ஊரில் எஞ்சின் எட்டுகிற கட்டங்களை மட்டும் சோதித்துத் திருத்தியிருக்கிறார். காற்று நிறைய வரும்போது மட்டும் தேவைப்படும் கட்டங்களை, அங்கே எஞ்சின் எட்டவே முடியாதவற்றை, குத்துமதிப்பாக நிரப்பிவிட்டார். டர்பனில் மிதித்ததும் என் எஞ்சின் நேராக அந்தக் கட்டங்களுக்குள்தான் போய் நின்றது. கம்ப்ரஷன் 12.5:1 இருக்கிற, அதாவது உள்ளே வந்ததை அவ்வளவு இறுக அமுக்குகிற எஞ்சின், தீப்பொறி கொஞ்சம் முந்தினாலே தாங்காது. போதாததற்கு அந்தத் திறந்த ஃபில்டர். காற்றை அளக்கிற சென்சார், கம்பெனி ஏர்பாக்ஸ் குழாயின் அளவை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. குழாயை மாற்றினால் கணக்கே பிசகுகிறது. பிஸ்டன் போவதற்குள் கண்டுபிடித்தேன், அந்த மட்டில் புண்ணியம்.

அப்புறம் வண்டியை ஸ்டாக்குக்குத் திருப்ப 14 மாதம் பிடித்தது. ஒவ்வொரு பாகமாகத் தேடிப் பிடித்து, காசு சேரச் சேர வாங்கி மாட்டினேன். இந்த வண்டியை ஏன் இப்படிச் செய்தார்கள் என்று கற்றுக்கொண்டது அந்த 14 மாதத்தில்தான்.

சஸ்பென்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே இறக்கினால் நன்றாகத் திரும்பும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம், நானும் நினைத்தேன். இந்த வண்டியின் புவியீர்ப்பு மையம், டொயோட்டா சொல்லும் கணக்குப்படி, தரையிலிருந்து வெறும் 460 மில்லிமீட்டர்; படுத்த மாதிரி வைத்த பாக்ஸர் எஞ்சினால் கிடைத்த வரம் அது. முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், ஸ்பிரிங்கும் டேம்பரும் ஒரே தூணாக நிற்கிற அமைப்பு. அந்த அமைப்பில் வண்டியை 40 மில்லிமீட்டர் இறக்கினால் புவியீர்ப்பு மையம் அவ்வளவுதான் இறங்கும், ஆனால் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி அதைவிட அதிகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே தூரம் கூடினால் வளைவில் வண்டி சாயத்தான் பார்க்கும். அதைத் தடுக்க இன்னும் கடினமான ஸ்பிரிங், அதற்கேற்ற டேம்பர் என்று செலவு வாலாக நீளும். ஸ்டியரிங் ராடுகளின் கோணமும் கெட்டு, பள்ளத்தில் சக்கரம் விழுந்தால் வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கும். நம் பேட்டையில் தெருவுக்கு மூன்று வேகத்தடை! கம்பெனி ஸ்பிரிங்கும் டேம்பரும் திரும்ப மாட்டிய அன்றைக்கு ஹிகின்ஸன் ஹைவேயில் போனபோதுதான், என் வண்டி ரோட்டோடு பேசுகிற மொழி முதல்முறையாக எனக்குக் கேட்டது.

டயர் கதை இன்னும் எனக்குப் பிடித்தது. இந்த 86க்குக் கம்பெனி போட்டது 215/45 ஆர்17 மிஷலின், டொயோட்டாவின் சிக்கன ஹைபிரிட் கார் ப்ரியஸுக்கும் போட்ட அதே ரகம். ஸ்போர்ட்ஸ் காருக்குப் போய் ப்ரியஸ் டயரா என்று கேலி செய்பவர்கள் உண்டு. அதை வேண்டுமென்றேதான் போட்டார்கள். தலைமைப் பொறியாளர் டெட்சுயா தடா இந்த வண்டிக்கு டர்போ வேண்டாம், நான்கு சக்கர டிரைவ் வேண்டாம், பிசின் போல் ஒட்டும் டயரும் வேண்டாம் என்று முடிவெடுத்தவர். சாதாரண ஆள் சாதாரண வேகத்தில் போகும்போதே வண்டியின் பின்பக்கம் மெல்ல நகர்வதை உணரவேண்டும், அதுதான் நோக்கம். 18 அங்குலச் சக்கரத்தில் அகலமான டயரைப் போட்டபோது அந்த உணர்வு எங்கேயோ போய்விட்டது. அது திரும்ப வரவேண்டும் என்றால் ரோட்டில் போகக்கூடாத வேகத்தில் போகவேண்டும்.

"தடாவே ஓனர்கள் தங்களுக்குப் பிடித்த மாதிரி மாற்றிக்கொள்ளட்டும் என்றுதானே இதைச் செய்தார்?" என்று கேட்பீர்கள். உண்மைதான், மறுக்கவில்லை. இன்னொன்றும் ஒத்துக்கொள்கிறேன், 3,500 ஆர்பிஎம்முக்கும் 4,500க்கும் நடுவே இந்த எஞ்சினுக்கு டார்க்கில், அதாவது இழுவிசையில், ஒரு பள்ளம் இருக்கிறது. நல்ல ஹெடரும் இந்த ஊரிலேயே உட்கார்ந்து செய்த டியூனிங்கும் அந்தப் பள்ளத்தை நிரப்பும், நானே ஒருவரின் வண்டியில் பார்த்திருக்கிறேன். டொயோட்டாவே அடுத்த தலைமுறையில் 2.4 லிட்டர் எஞ்சின் வைத்து அதைச் சரிசெய்துவிட்டது. ஆனால் அந்தப் பள்ளம் எங்கே இருக்கிறது என்று உங்கள் காலுக்குத் தெரிந்திருக்கவேண்டாமா? அதற்குத்தான் ஒரு வருஷம் கேட்டேன். வாங்கிய மறுநாளே ஹெடரைக் கழற்றுகிறவர் எதைச் சரிசெய்கிறார் என்று அவருக்கே தெரியாது.

ஸ்டாக் என்பது ஏதோ அரைகுறை வேலை, மீதியை நாம் முடிக்கவேண்டும் என்ற எண்ணம்தான் எனக்குப் பிடிக்காதது. எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு அங்கிள் பிஎம்டபிள்யூ 325ஐஎஸ் வைத்திருக்கிறார். அவருடைய தாத்தா காலத்துக்கு முன்பே கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம், அவருக்குத் தமிழ் பத்து இருபது வார்த்தைதான், ஆனால் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். அந்த வண்டியின் கதையே அழகு. ஜெர்மனியில் ரேஸுக்காக எம்3 செய்தார்கள், ஆனால் முதல் எம்3 இடப்பக்க ஸ்டியரிங்கில் மட்டும்தான் வந்தது, நமக்கோ வலப்பக்கம் வேண்டும். சரி, நாமே செய்துகொள்வோம் என்று பிரிட்டோரியா பக்கம் ராஸ்லின் தொழிற்சாலையில் முதலில் 333ஐ, மொத்தம் 204 வண்டி, பிறகு இந்த 325ஐஎஸ். ஷோரூம் வண்டியை அதிகம் மாற்றாமல் ஓட்டும் குரூப் என் பந்தயத்தில் ஓபல் கடெட் சூப்பர்பாஸோடு மல்லுக்கட்டவேண்டி வந்தபோது ஜெர்மன் டியூனிங் கம்பெனி அல்பினா கைகொடுக்க எஞ்சினை 2.7 லிட்டராக்கி, கடைசியில் 155 கிலோவாட் வரை கொண்டுபோனார்கள். அதுவும் மாடிஃபிகேஷன்தானே! ஆனால் வருஷக்கணக்கில் பந்தயத்தில் அடிவாங்கிச் சோதித்து, இந்த நாட்டு உயரத்துக்கும் வெயிலுக்கும் கடற்கரைக்கும் ஏற்றபடி செய்தது. அதைக் கழற்றிவிட்டு வேறு எஞ்சின் போட்டவர்கள், பின் சக்கரங்களைத் தனித்தனி வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியலை வெல்டு வைத்து வண்டியைச் சுற்றவிட்டவர்கள் எத்தனையோ பேர். டவுன்ஷிப்பில் குஷேஷே என்று செல்லமாகக் கூப்பிடுகிற இந்த ரக வண்டிகளை வட்டமடிக்கவிடும் ஸ்பின்னிங்கை நான் குறை சொல்லமாட்டேன், அது பெரிய வித்தை, கூட்டத்தில் நின்று கைதட்டியிருக்கிறேன். அதற்குச் சாதாரண பழைய 3 சீரிஸ் போதும். ஐஎஸ் ஒன்று போனால் இன்னொன்று செய்ய அந்தத் தொழிற்சாலையில் இன்று ஆளில்லை.

அங்கிளின் கராஜில் ஒரு அலமாரி உண்டு. முப்பது வருஷத்தில் தேய்ந்து மாற்றிய சின்ன ரப்பர் புஷ் வரைக்கும் தேதி எழுதிப் பையில் போட்டு வைத்திருக்கிறார். ஒருநாள் என் திறந்த ஃபில்டரைப் பார்த்துவிட்டு, "தம்பி, பழசு எங்கே?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதிலில்லை.

அதற்காக ஆணி அடித்தது போல் எதையுமே மாற்றாதே என்று சொல்லவில்லை. பிரேக் பேட், பிரேக் ஆயில், நல்ல சீட், இவற்றில் தாராளமாகச் செலவு செய்யுங்கள், டிராக் போகிற எண்ணம் இருந்தால் அதுதான் முதல் செலவு. மாற்றுவதைக் காப்பீட்டுக் கம்பெனியிடம் சொல்லிவிடுங்கள், சொல்லாமல் விட்டு விபத்துக்குப் பிறகு அவர்கள் கையை விரித்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். வெட்டாமல், வெல்டு வைக்காமல், நாளை திரும்ப மாட்டக்கூடிய மாதிரி செய்யுங்கள். கழற்றிய ஒவ்வொரு போல்டையும் பெட்டியில் போட்டுப் பரணில் வையுங்கள்.

என் வண்டியில் இன்னும் ஒன்று பாக்கி. காற்று உள்ளே போகும் இன்டேக்கிலிருந்து எஞ்சின் சத்தத்தைக் கேபினுக்குள் கொண்டுவரக் கம்பெனி ஒரு சின்ன ரப்பர் குழாய் வைத்திருந்தது, பழைய ஓனர் அதைத் தூக்கி எறிந்துவிட்டு அந்த ஓட்டையில் ஒரு மூடி போட்டிருக்கிறார். டர்பன், ஃபீனிக்ஸ், மாரிட்ஸ்பர்க் பக்கம் யாருடைய கராஜிலாவது அந்தக் குழாய் சும்மா கிடந்தால் தயவுசெய்து கீழே எழுதுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.