கணக்கில் வராத வலை

போன மாசியில் ஓர் இரவு, நாகப்பட்டினத்துக்குக் கிழக்கே வலைவிட்டுக் காத்திருந்த சித்தப்பாவின் ஃபைபர் படகை ஒட்டி ஒரு சரக்குக் கப்பல் கடந்தது. படகில் படவில்லை, வலைமேல் ஏறிப் போய்விட்டது. விடிந்ததும் அவர் முற்றத்தில் போட்ட மேல்கயிற்றைப் பார்த்தேன். முனை நார் நாராகப் பிரிந்து, தேய்ந்த துடைப்பம் போல் விரிந்திருந்தது. ஐம்பதாயிரம் ரூபாய் வலை. ஆள் தப்பியதே போதும் என்று அதோடு விட்டுவிட்டார். எங்கும் புகார் கொடுக்கவில்லை. கப்பலின் பெயரே தெரியாமல் யார் மேல் கொடுப்பது?

இந்த விட்டுவிடுதல்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

கப்பல் பாதுகாப்புக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்பதற்கு ஒரு கணக்குமுறை இருக்கிறது. 1988-இல் வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை வெடித்து 167 பேர் இறந்த பிறகு பிரிட்டன் முன்வைத்த வழி அது. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2002-இல் அதற்கு நெறிமுறை வகுத்தது. என்ன ஆபத்து, எத்தனை தடவை நேரும், தடுக்க எவ்வளவு ஆகும், எத்தனை உயிர் மிஞ்சும் என்று கூட்டிக் கழிப்பார்கள். ஓர் உயிரைக் காக்க 30 லட்சம் டாலர் வரை ஆனால் தகும் என்பது அதில் புழங்கும் அளவுகோல். உயிருக்கு விலையா என்று சிலர் கொதிக்கிறார்கள். நான் கொதிக்க மாட்டேன். விலை போடாத உயிருக்கு நம்மூரில் கிடைக்கும் மரியாதையைப் பார்த்தவன்.

என் வழக்கு அந்த 'எத்தனை தடவை' மேல்தான். பதிவான விபத்துகளை வைத்துத்தான் அதைக் கணிக்க முடியும். சித்தப்பாவின் இரவு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஆகவே அது நடக்கவே இல்லை. நடக்காத விபத்தைத் தடுக்க ஒரு விளக்கு, ஒரு கருவி, ஒரு ரோந்துப் படகு எல்லாமே வீண் செலவாகத் தெரியும்.

2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதின. மாலுமிகள் யாரும் சாகவில்லை. கரை ஒதுங்கிய எண்ணெய்ச் சேற்றை வாளியால் அள்ளினார்கள். கசிந்த எண்ணெய்க்காவது டன் கணக்கில் ஒரு சூத்திரம் உண்டு. வாங்க ஆளில்லாமல் ஏலம் படுத்த மீனை எந்தச் சூத்திரத்தில் வைப்பது?

கப்பல்காரர்களை மட்டும் திட்டியும் பயனில்லை. மீன்பிடித்துக்கொண்டிருக்கும் படகுக்கு இயந்திரக் கப்பல் வழிவிட வேண்டும் என்பது சர்வதேச விதி. ஆனால் கப்பலின் மேல்தளத்தில் நிற்பவருக்கு முன்முனைக்கு அப்பால் 500 மீட்டர் வரை கடல் மறைந்திருக்கலாம் என்று இன்னொரு விதியே இடம் கொடுக்கிறது. பதினைந்து நாட் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டரில், அந்தத் தூரம் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். அந்த நேரத்தில் சித்தப்பா கையில் இருந்தது ஒரு டார்ச் விளக்கு.

போன வாரம் ஏலக்கூடத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வைத்திருக்கிறேன். தேதி, நேரம், எத்தனை பாகம் (இரு கை விரித்த நீளம்) ஆழம், என்ன சேதம், கப்பல் பெயர் என்று கோடு போட்டுக் கொடுத்தேன். முதல் பதிவு சித்தப்பாவுடையது. கடைசிக் கட்டத்தில் 'இருட்டு' என்று எழுதச் சொன்னார். எழுதியிருக்கிறேன்.