ஆற்றங்கரைச் சாலையில் இரவுச் சைக்கிளுக்கு எந்த முன்விளக்கு?

டெல்டாவில் சில ஆண்டுகளாகச் சைக்கிள் மீண்டும் சாலைக்கு வந்திருக்கிறது. விடியற்காலையில் உடற்பயிற்சிக்குக் கிளம்புகிறவர்கள், வேலை முடிந்து இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்கள் என்று மன்னார்குடி, நீடாமங்கலம், கும்பகோணம் பக்கத்துச் சாலைகளில் பலரைப் பார்க்கிறேன். நானும் அவர்களில் ஒருவன். சைக்கிள் வாங்க மாதக்கணக்கில் யோசிக்கிற இவர்களில் பலர், முன்விளக்கை மட்டும் பெட்டியின் மேல் அச்சிட்ட லூமன் எண்ணைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் வாங்கிவிடுகிறார்கள். என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ச் சாலைகளுக்கு விளக்கின் பலத்தைவிட அதன் ஒளி எங்கே போய் விழுகிறது என்பதே முக்கியம். மேலே சிதறாமல் சாலையிலேயே படிகிற நடுத்தர விளக்கு, எட்டுத் திக்கும் வெளிச்சம் அடிக்கிற பெரிய விளக்கைவிட ஓட்டுகிறவருக்கும் நல்லது, எதிரே வருகிறவருக்கும் நல்லது.

லூமன் என்பது விளக்கிலிருந்து வெளியேறும் ஒளியின் மொத்த அளவு. அதில் எவ்வளவு தார்ச்சாலையில் விழுகிறது, எவ்வளவு புளியமரக் கிளைகளுக்குப் போகிறது என்பதை அந்த எண் சொல்லாது. குறிப்பிட்ட தூரத்தில் ஒரு பரப்பின் மேல் விழும் ஒளியைச் சொல்வது லக்ஸ் என்ற இன்னொரு அளவு. சைக்கிள் விளக்குக்கு இதுவே பயனுள்ள எண். ஆனால் இணையக் கடைகளில் 5000, 10000 என்று லூமன்தான் விளம்பரத்தில் ஓடுகிறது. அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் கார்களில் நெடுங்காலம் இருந்த எச்4 ஹாலஜன் பல்பு, டிம்மில் ஏறத்தாழ 1000 லூமனும் பிரைட்டில் 1650 லூமனும் தருவது. சட்டைப்பையில் அடங்கும் விளக்கு அதைப்போல் பத்து மடங்கு தருகிறது என்றால் அதற்கான மின்சாரம் எங்கிருந்து வரும்? ஒரு வாட்டுக்கு 100 லூமன் என்று வைத்துக்கொண்டாலும் 10000 லூமனுக்கு 100 வாட் வேண்டும். இந்த விளக்குகளில் வழக்கமாக இருக்கும் 18650 என்ற செல், 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. நல்ல தயாரிப்பாக இருந்தாலும் அதன் கொள்ளளவு 3500 எம்ஏஎச் அளவில் நின்றுவிடும், அதாவது சுமார் 12 வாட்-மணி. 100 வாட் இழுத்தால் எட்டு நிமிடம்கூடத் தாங்காது. அந்த அளவுச் செல்லின் மேல் 9900 எம்ஏஎச் என்று அச்சிட்டிருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த விளக்கை வாங்க வேண்டாம் என்பேன்.

ஆனாலும் பொய் எண்ணைவிட எனக்குப் பெரிய கவலை, உண்மையாகவே 1000 லூமன் தருகிற நல்ல விளக்கைத் தவறாகப் பொருத்திக்கொண்டு ஓட்டுவதுதான். நெடுஞ்சாலையை விட்டு விலகி வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு என்று எந்த ஆற்றங்கரைச் சாலையில் ஏறினாலும் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் சரிவும் வயலும் அல்லது வாய்க்காலும். தடுப்புச் சுவர் பல இடங்களில் கிடையாது. ஒரு டிராக்டர் வந்தால் சைக்கிள் மண்ணில் இறங்கித்தான் வழிவிட வேண்டும். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் ஆற்றுப் பக்கம் கரையோரம் வரை தண்ணீர் நிற்கும். அந்த இருட்டில் எதிரே வருகிறவர்கள் யார் என்று நினைத்துப் பாருங்கள். தலைச்சுமையோடு நடந்து வருகிற பெண்கள், நடவுக்கு விடியுமுன் கிளம்பிய ஆட்கள், விளக்கே இல்லாத பழைய சைக்கிளில் கேரியரில் புல்லுக்கட்டை வைத்துக்கொண்டு வருகிற பெரியவர்கள், ஆகஸ்டு 29 கொடியேற்றத்தையும் செப்டம்பர் 8 திருவிழாவையும் ஒட்டி வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி இரவெல்லாம் நடக்கிற பக்தர்கள்.

சென்ற மார்கழியில் எனக்கு முன்னால் போன ஓர் இளைஞரின் விளக்கு, எதிரே சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவரின் முகத்தில் நேராக அடித்ததைப் பார்த்தேன். அவர் ஓட்டுவதை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றி, தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். ஊன்றிய காலுக்கு ஒரு முழம் தள்ளிக் கரையின் சரிவு தொடங்கியது. "தம்பி, லைட்டக் கொஞ்சம் கீழ எறக்குப்பா, ஒண்ணுமே தெரியல" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. இளைஞர் உடனே விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். இருவருமே நல்லவர்கள், விளக்கின் அமைப்புதான் அவர்களை அந்த நிலையில் நிறுத்தியது. நம் கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகிறது, அந்தப் பழக்கத்தைக் கலைக்க ஒரு நொடி வெளிச்சம் போதும். வயதான கண்ணில், அதிலும் புரை விழத் தொடங்கிய கண்ணில், ஒளி உள்ளேயே சிதறுவதால் கூச்சம் பல மடங்காகி, மீள்வதற்கும் கூடுதல் நேரம் பிடிக்கும்.

கார், பைக் ஓட்டுகிறவருக்கு டிம் என்று ஒன்று இருக்கிறது. டிம்மில் போடும்போது ஒளி ஒரு கிடைக்கோட்டுக்கு மேல் போகாதபடி வெட்டப்பட்டு, கீழே சாலையில் மட்டும் விழுகிறது. சைக்கிளுக்கென்று விற்கப்படும் விளக்குகளில் மிகப் பெரும்பாலானவை அமைப்பில் டார்ச் லைட்தான்; அவற்றின் ஒளி வட்டமாக விழுகிறது. அதை நேராக நீட்டி வைத்தால் ஒளியில் பாதி கிடைக்கோட்டுக்கு மேலே போய்விடும். பிரைட்னஸைக் குறைத்தால் கூச்சம் குறையும், ஆனால் நமக்குச் சாலையும் தெரியாது. ஜெர்மனியில் இதற்குச் சட்டமே இருக்கிறது. அங்கே சைக்கிள் முன்விளக்கு 10 மீட்டர் தூரத்தில் மிகப் பிரகாசமான இடத்தில் குறைந்தது 10 லக்ஸ் தர வேண்டும், எதிரே வருகிறவர் கண் இருக்கும் உயரத்துக்கு மிகக் குறைந்த ஒளியே போக வேண்டும், விட்டு விட்டு மின்னவும் கூடாது. அந்த விதிக்கு ஏற்பச் செய்த விளக்குகள் நம் நாட்டிலும் இணையத்தில் கிடைக்கின்றன, சில ஆயிரம் ரூபாய் ஆகும். வாங்க முடிந்தவர்கள் லூமன் எண்ணை ஒதுக்கிவிட்டு, மேல்பக்கம் வெட்டப்பட்ட ஒளி கொண்டதா என்று கேட்டு வாங்குங்கள். முடியாதவர்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் விளக்கின் மேல் விளிம்பில், பழைய சைக்கிள் டியூபிலிருந்து ஒரு துண்டை வெட்டி இமைபோல் முன்னால் நீட்டிக் கட்டிக்கொள்ளலாம். கச்சிதமான வெட்டு கிடைக்காது, ஆனால் மேலே சிதறுவது கண்கூடாகக் குறையும்.

எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதற்கு வேகம்தான் கணக்கு. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் ஒரு நொடிக்கு ஐந்தரை மீட்டருக்குச் சற்று அதிகமாகக் கடக்கிறார். எதிரில் ஏதோ கிடக்கிறது என்று மனதில் பட்டுக் கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை நொடி என்று வைத்தால் எட்டு மீட்டர் போய்விடும். பிரேக் நன்றாகப் பிடித்தாலும் நிற்க இன்னும் ஐந்து மீட்டர். வேகம் 30 ஆனால் மொத்தம் 24 மீட்டர் வரை ஆகும். தூரம் இரட்டித்தால் ஒளி நான்கில் ஒன்றாகக் குறைவதால், 10 மீட்டரில் 40 லக்ஸ் இருக்கும் விளக்கு 20 மீட்டரில் 10 லக்ஸ்தான் தரும். இதையெல்லாம் வைத்துப் பார்க்கையில், ஒளி சாலையில் ஒழுங்காக விழுகிற 300 முதல் 400 லூமன் விளக்கு நம் கிராமச் சாலைகளில் 20 கிலோமீட்டர் வேகத்துக்குப் போதும் என்பது என் தீர்மானம். வேகமாக ஓட்டுகிறவர்கள் 600 வரை போகலாம். அதற்குமேல் தேவைப்படும் வேகத்தில் இந்தச் சாலைகளில் இரவில் போகவே கூடாது.

தூரம் மட்டும் போதாது, அகலமும் வேண்டும். குறுவை அறுவடைக் காலத்தில் இரவில் ஓட்டியவர்களுக்கு இது புரியும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுப்பது சிரமம் என்பதால், களம் போதாத ஊர்களில் சாலையின் ஒரு பாதியில் நெல் காயும். வேறு எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள்? இருட்டியதும் அதை நீளமாகக் குவித்து, தார்ப்பாயால் மூடி, காற்றில் பறக்காமல் இருக்க ஓரமெங்கும் செங்கல்லும் கருங்கல்லும் வைத்திருப்பார்கள். தார்ப்பாய் கறுப்பாக இருந்தால் சாலையோடு சாலையாகத்தான் தெரியும். ஆனால் குவியலுக்கு முன்னாலேயே சிதறிக் கிடக்கும் நெல்மணிகள், அகலமாகத் தாழ்வாக விழும் வெளிச்சத்தில் மஞ்சளாக ஒரு விளிம்பு கட்டித் தெரியும். அதைப் பார்த்ததுமே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், ஏனென்றால் அந்த மணிகளின் மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். குவியலுக்கு அந்தப் பக்கம் காவலுக்குப் படுத்திருக்கிறவரும் இருப்பார். நடுவில் மட்டும் குறுகலாகப் பாய்கிற ஒளியில் இந்த விளிம்பு தெரியாது, நேராகக் கல்தான் தெரியும்.

விளக்கைச் சரியான கோணத்தில் வைப்பதற்கு வீட்டுச் சுவரே போதும். சைக்கிளைச் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்தி, தரையிலிருந்து விளக்கின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். ஒரு மீட்டர் இருக்கிறது என்றால், ஒளியின் மையம் சுவரில் 75 சென்டிமீட்டர் உயரத்தில் விழும்படி சாய்த்தால் அது சாலையில் 20 மீட்டரில் போய்ப் படும். 50 சென்டிமீட்டரில் விழுந்தால் 10 மீட்டரில் படும். வட்ட ஒளி கொண்ட டார்ச் வகைக்கு, மையம் சாலையில் 10 மீட்டருக்குச் சற்று அப்பால் படும்படி வைக்கச் சொல்வேன். மேல் வெட்டு உள்ள விளக்கானால், அந்த வெட்டுக்கோடு விளக்கின் உயரத்துக்குச் சற்றுக் கீழே சுவரில் விழ வேண்டும். இதை நீங்கள் வழக்கமாக மாட்டும் பையோடு, ஏறி உட்கார்ந்த நிலையில் இன்னொருவரை அளக்கச் சொல்லிச் செய்வது நல்லது. மதகுப் பாலத்தில் ஏறி இறங்கும் குலுக்கலில் கிளாம்ப் நழுவி விளக்கு மேலே திரும்பிவிடும். கிளாம்புக்கு அடியில் ஒரு ரப்பர்த் துண்டு வைத்து இறுக்கினால் நழுவாது.

ஹெல்மெட்டின் மேல் விளக்குக் கட்டுவதை நான் ஆதரிக்கவில்லை. பஞ்சர் ஒட்டும்போது அது உதவும் என்பது உண்மை. ஆனால் எதிரே வருகிறவரை நாம் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அவர் கண்ணில்தான் வெளிச்சம் விழும். ஐப்பசி மழைக்குப் பிறகு ஈசலும் பூச்சியும் அந்த வெளிச்சத்தைத் தேடி முகத்துக்கே வரும். எங்கே விளக்குக் கட்டினாலும் அந்த மாதங்களில் நிறமில்லாத கண்ணாடி ஒன்று போட்டுக்கொள்வது அவசியம்.

மின்னும் முறையையும் இருட்டில் போடாதீர்கள். பகலில் பேருந்து ஓட்டுநரின் கவனத்தை இழுக்க அது பயன்படலாம். இருட்டில் விட்டு விட்டு மின்னும் ஒளி எவ்வளவு தூரத்தில், எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பதை எதிரே வருகிறவர் கணிக்க முடியாது; நமக்கும் இரண்டு மின்னலுக்கு இடையில் பள்ளம் தெரியாமல் போகும்.

மார்கழி, தை மாதங்களில் ஆற்றோரம் பனி இறங்கும்போது விளக்கைப் பெரிதாக்குகிற பழக்கம் பலரிடம் இருக்கிறது. பனித்துளிகள் ஒளியை நம் கண்ணுக்கே திருப்பி அனுப்புவதால் முன்னால் ஒரு வெள்ளைத் திரைதான் எழும்பும். பிரைட்னஸைக் குறைத்து, முடிந்தால் விளக்கை ஹேண்டில் பாரிலிருந்து இறக்கி முன்சக்கரத்துக்கு மேலே ஃபோர்க்கில் பொருத்தினால் சாலை தெளியும். அப்படித் தாழ்வாக இருக்கும் விளக்கில் பள்ளத்தின் நிழல் நீளமாக விழுவதால் பள்ளங்களும் முன்கூட்டியே தெரியும். மழைக்கு, தண்ணீரைத் தாங்கும் திறனைச் சொல்லும் குறியீடான ஐபிஎக்ஸ் 4 என்று போட்டிருந்தால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். வடகிழக்குப் பருவமழையில் தினமும் ஓட்டுகிறவர்கள் ஐபிஎக்ஸ் 6 பார்த்து வாங்கலாம். எதுவானாலும் சார்ஜ் போடும் துளையின் ரப்பர் மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் அப்பா காலத்தில் விளக்கில்லாத சைக்கிளைப் போலீஸ் நிறுத்திக் காற்றைப் பிடுங்கிவிடும் என்ற பயத்திலேயே டைனமோ மாட்டினார்கள். டயரில் உரசி ஓடும் அந்த 6 வோல்ட், 3 வாட் டைனமோவுக்கு, சைக்கிளை நிறுத்தினால் விளக்கு அணைந்துவிடும், மழையில் உருளை வழுக்கும் என்ற குறைகள் உண்டு. இன்று சக்கரத்தின் அச்சிலேயே அமைந்த டைனமோவில் அதே 3 வாட்டை வைத்து எல்இடி விளக்குப் பல மடங்கு ஒளி தருகிறது, நின்ற பிறகும் சில நிமிடம் எரிகிறது. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு இங்கே பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல், செல்போன் சார்ஜ் போடவே ஜெனரேட்டர் தேடி அலைந்ததை நினைத்தால், சார்ஜ் தேவைப்படாத விளக்குக்கு இந்த மண்ணில் தனி மதிப்பு உண்டு. விலைதான் இன்னும் எட்டவில்லை.

எனக்கு மிகவும் ஆதங்கமாக இருப்பது, அரசு தரும் விலையில்லா மிதிவண்டியில் சிறப்பு வகுப்பு முடிந்து இருட்டில் வீடு திரும்புகிற பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றித்தான். முன்விளக்கோடு வந்த மிதிவண்டி ஒன்றையும் நான் இதுவரை பார்த்ததில்லை. அவர்களுக்கு 400 லூமன் வேண்டாம். கீழ்நோக்கிச் சாய்த்த 100 லூமன் விளக்கு ஒன்றும் பின்னால் ஒரு சிவப்பு விளக்கும் இருந்தால், தெருவிளக்கு முடிந்த இடத்திலிருந்து வீடு வரை மெதுவாகப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். பெற்றோர் ஆசிரியர் கழகமோ, முன்னாள் மாணவர்களோ, ஊரில் கோயில் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் சீரியல் செட் போடுகிற நாமோ நினைத்தால் ஒரு பள்ளிக்கு இதைச் செய்துவிட முடியும். எங்கள் ஊர்ப் பள்ளியில் இதைப் பேசத் தொடங்கியிருக்கிறேன். நீடாமங்கலம், மன்னார்குடி பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருப்பவர்கள், மேல் வெட்டு உள்ள சிறிய விளக்குகளை மொத்தமாக வரவழைத்துத் தர முடியுமானால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.