தேறினால் உதவியை வெட்டுவது என்ன நியாயம்?

மாற்றுத்திறன் உள்ள குழந்தை கொஞ்சம் தேறினால் உடனே பள்ளியில் அதன் உதவிக்கான நிதியைக் குறைக்க வேண்டும் என்று யார் எழுதிய விதி இது? ஆட்டிசம் உள்ள என் மகனுக்கு வகுப்பில் ஒரு உதவியாளர் இருந்தார். மணி அடித்தாலே காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்துகொள்கிற பிள்ளையை, மணி அடிக்கும் முன்பே படம் காட்டிக் காட்டிப் பழக்கி, எழுந்துபோய் வரிசையில் நிற்க வைத்தார். அதைச் சந்தோஷமாக அறிக்கையிலும் எழுதினார். அவ்வளவுதான், "தேவை குறைந்துள்ளது" என்று அவர் நேரத்தைப் பாதியாக வெட்டிவிட்டார்கள். கொடி ஏறிவிட்டதென்று பந்தலைப் பிரிக்கிற வேலை! இப்போது மதியமானால் பிள்ளை மறுபடி மேசைக்கு அடியில், பள்ளியிலிருந்து எனக்கு ஃபோன். அடுத்த மதிப்பீட்டில் "பின்னடைவு" என்று வந்தால் அந்த நேரம் திரும்பக் கிடைக்கலாமாம்.

இந்த உதவி நிதிக்கான விண்ணப்பத்தைப் பார்த்திருக்கிறீர்களா? தானாகச் சாப்பிடுவானா, எத்தனை முறை அடிக்கிறான், கழிப்பறைக்குத் தனியாகப் போவானா. ஒன்றிரண்டு நல்லது எழுதினால் பணம் குறையும் என்ற பயத்தில், பெற்ற பிள்ளையின் மோசமான நாளைத் தேடித் தேடி எழுத வேண்டியிருக்கிறது. "அம்மா தண்ணி" என்று முதல்முறை இரண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னானே, அதை எழுத அதில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தையின் பெற்றோரிடமும் திரும்பத் திரும்பச் சான்று கேட்கிறார்கள். அதற்குக் காரணமான, பிறவியிலேயே கூடுதலாக இருக்கும் 21-ஆவது குரோமோசோம் வருடம் பிறந்தால் காணாமல் போய்விடுமா?

அப்புறம் பேச்சுப் பயிற்சி தருகிறவரின் ஒப்பந்தம் நடுவில் முடியும், புதியவர் வருவார், பிள்ளை முதலிலிருந்து பழக வேண்டும்.

1994-இல் ஸ்பெயினின் சலமன்காவில் 92 அரசுகளின் பிரதிநிதிகள் கூடி, எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ளும் பள்ளிகளுக்குக் கொள்கையிலும் பட்ஜெட்டிலும் முதலிடம் தர வேண்டும் என்றார்கள். 2006-இல் வந்த ஐநா மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-ஆவது பிரிவு, ஒவ்வொரு குழந்தைக்கும் ஏற்ற உதவியை உரிமை என்றே சொல்கிறது. உலகத்தில் மாற்றுத்திறன் உள்ள குழந்தைகள் கிட்டத்தட்ட 24 கோடிப் பேர் இருப்பதாக 2021-இல் ஐநாவின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் சொன்னது. பத்தில் ஒரு குழந்தை! பட்ஜெட் போடும்போது மட்டும் இவர்கள் கண்ணில் படமாட்டார்களா?

நேரத்தைக் குறைக்க வேண்டுமென்றால் அதை ஆசிரியரும் பெற்றோரும் உட்கார்ந்து பேசி, படிப்படியாகக் குறைக்க வேண்டும். கோப்பை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள், வெட்டுவதற்கு முன்னால் அந்த வகுப்பில் வந்து ஒரு நாள் முழுக்க உட்காருங்கள், மதிய மணி அடிக்கும்வரை.