பாதி டென்ஷன், பாதி சீரியல்

ஞாயிற்றுக்கிழமை மும்பை தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் நடந்த இலவச மருத்துவ முகாமில் அந்த டாக்டர் மைக்கில் அடித்த ஜோக்கைப் பற்றித்தான். "பொம்பளைங்களுக்குப் படபடப்புன்னா பாதி டென்ஷன், பாதி சீரியல்." கூட்டமே கைதட்டிச் சிரித்தது. வீடியோவில் என்னை டேக் செய்த புண்ணியவான்களுக்கு நன்றி, எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் அத்தை மாட்டுங்காவில் நாலு வீட்டுச் சமையல்காரி. படியேறினால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், மூச்சு வாங்கும். போன இடமெல்லாம் கேஸ் டிரபிள், டென்ஷன், இல்லாவிட்டால் 'அந்த வயசு'. ஈசிஜி நார்மலாம். வந்து வந்து போகிற துடிப்புக் கோளாறு, ஈசிஜி ஓடுகிற அந்தப் பத்து விநாடியில் வந்து மாட்ட வேண்டுமே! ஒரு நாள் முழுக்க நெஞ்சில் ஒட்டிவைத்துத் துடிப்பைப் பதிவு செய்கிற ஹோல்ட்டர் கருவியை எழுதித்தர யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் எக்கோ என்கிற இதய ஸ்கேனில், இதயத்தின் இடப்பக்க மைட்ரல் வால்வு சுருங்கியிருப்பது தெரிந்தது, கூடவே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கிற கோளாறு. சின்ன வயதில் தொண்டைப் புண்ணுக்குப் பிறகு வந்த ருமாட்டிக் காய்ச்சல் விட்டுப்போன சொத்து. நெருக்கியடித்துக்கொண்டு படுக்கிற ஒற்றை அறை வீடுகளில்தான் அது அதிகம். சீரியலால் வருவதில்லை டாக்டர்.

"அது ஆம்பளைங்களுக்குத்தானே அதிகம்" என்று ஒருவர் இந்நேரம் டைப் செய்துகொண்டிருப்பார். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் பொதுவாக அப்படித்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் திடீரென்று தொடங்கித் திடீரென்று நிற்கிற எஸ்விடி என்ற வேகத் துடிப்பு வகைகளில் முக்கியமான ஒன்று பெண்களுக்குத்தான் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பதற்றம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பப்படுவதும் அவர்கள்தான். ருமாட்டிக் காய்ச்சலால் கெட்ட வால்வோடு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் உள்ளவர்களை வைத்து ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவில் நடத்தி 2022இல் வெளிவந்த இன்விக்டஸ் ஆய்வில் பத்தில் ஏழு பேர் பெண்கள். இந்த நோயாளிகளுக்கு, ரத்தம் உறையாமலிருக்கத் தருகிற மாத்திரைகளில் புதுசான ரிவராக்சபானைவிட வார்ஃபரின் வகைப் பழைய மாத்திரைதான் மேல் என்று தெரிந்தது. அந்தப் பழைய மாத்திரைக்கு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கிற ஐஎன்ஆர் பரிசோதனை அடிக்கடி வேண்டும். "அரசு ஆஸ்பத்திரியில இலவசம்தானே?" இலவசம்தான். வரிசையில் நின்று வருவதற்குள் இரண்டு வீட்டுச் சமையல் போய்விடும், அந்தச் சம்பளத்தை நீங்கள் தருவீர்களா?

அத்தை சமைக்கிற ஒரு வீட்டம்மாவுக்கும் படபடப்பு வந்தது. அவரிடமும் முதல் டாக்டர் டென்ஷன் என்றுதான் சொன்னார். அன்று மாலையே அவர் வேறு டாக்டரிடம் போனார், அந்த வாரமே ஹோல்ட்டர், பிறகு கோளாறான இடத்தைச் சுட்டுச் சரிசெய்கிற அப்லேஷன் சிகிச்சை. அத்தைக்கு அடுத்த டாக்டர் என்றால் அடுத்த சம்பளம் வந்த பிறகு.

"ஓசியில வந்தவரைக் குறை சொல்லலாமா?" ஓசியில் வந்தால் கேலி செய்யலாமா? அவரைக்கூட விட்டுவிடுகிறேன். முன்வரிசையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தீர்களே அண்ணன்மார்களே, அதில் இரண்டு பேர் அத்தை கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். இதற்கும் ஹாஹா போடுகிறவர்களை பிளாக் செய்வேன்.